ஐம்பத்தெட்டாம் கேள்விக்கு எழுதிய விடை

அனுப்புநர்:
உ. மாரிக்கண்ணு (வயது 24),
த/பெ. உத்திராபதி,
பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினம்,
காரைக்கால்.

பெறுநர்:
தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: குழாய் ஆலை வேலைக்கான மனப்பாங்குத் தேர்வில் நிராகரிக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துத் தேறியவன். சுனாமிக்குப் பிறகு என் தாயார் காசியம்மா என்னைப் படகேற விடுவதில்லை. கரையில் வேலை கிடைத்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

2. எங்கள் ஊருக்கருகில் புதிதாக வந்துள்ள தனியார் குழாய் ஆலையில் சென்ற மாதம் ஆள் எடுத்தார்கள். பழுதான பம்பு எஞ்சினைக் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் ஓட வைத்தேன். பிறகு நூறு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று தந்தார்கள். அது வெளிநாட்டில் தயாரித்துத் தமிழில் மொழிபெயர்த்தது என்று அதிலேயே அச்சிட்டிருந்தது.

3. 'சரி, தவறு என்று விடை கிடையாது' என்று முதல் பக்கத்தில் இருந்ததால், தேர்வுக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரர் ஐந்து பேரும் கலந்து பேசி எழுதினோம். ஒளிக்கவில்லை, உரக்கவே பேசினோம். பஞ்சாயத்தார் கூடிப் பேசாமல் எங்கள் ஊரில் எதுவும் முடிவாவதில்லை. அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனது எங்கள் பிழைதான்.

4. ஐந்து தாளும் ஒன்றுபோல் இருந்ததைப் பார்த்த ஆலை அதிகாரி, "தம்பி, நீங்க யாருமே சொந்தமா முடிவெடுக்கிற ஆளு இல்லன்னு பேப்பர் சொல்லுதுங்க" என்றார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அவர் கண்ணில் படவில்லை. யாரையும் கேட்காமல் முடிவெடுப்பது அந்தத் தாளை ஆக்கிய நாட்டில் பெருமையாக இருக்கலாம். எங்கள் ஊரில் கேட்காமல் படகு இறக்கினால் அபராதம்.

5. எங்களைப் பெரிதும் கீழே இறக்கியது 58-ஆம் கேள்வி என்றும் சொன்னார். 'எல்லோரும் ஓடினால், காரணம் தெரியாமலே நானும் ஓடுவேன்: ஆம் / இல்லை.' ஐயா, சுனாமியன்று காலை கரையில் எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். என் அண்ணன் சிவபாலன் என்ன ஏதென்று பார்க்கத் திரும்பி நின்றார். மூன்றாம் நாள்தான் அவர் உடல் கிடைத்தது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஐந்து பேரும் அவரவராகவே 'ஆம்' என்று எழுதினோம்.

6. ஆகவே, அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, எங்கள் கைவேலையைப் பார்த்து எடுக்குமாறு ஆலைக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். தாள்தான் வேண்டும் என்றால் ஐவரையும் தனித்தனி அறையில் உட்கார வைக்கட்டும். 58-க்கு 'ஆம்' என்றே எழுதுவோம்.

இடம்: பட்டினச்சேரி
நாள்: 12.03.2007

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) உ. மாரிக்கண்ணு