யூசுப்பின் அட்டை

21-8-1979, செவ்வாய்

இன்று யூசுப்பாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாங்கள் வேலை செய்யும் தோல் டேனரியில் தினக்கூலிக்கு மருத்துவ அட்டை கிடையாது. நிரந்தர ஆளான யூசுப்புக்கு உண்டு. "பேர் கேட்டா என் பேரைச் சொல்லு, அவ்ளோதான்" என்று கொடுத்தான்.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யூசுப், உனக்கு டி.பி. இருக்குப்பா. நாளைக்கே வந்து படுத்துடு. கம்பெனிக்கு நாங்களே சொல்லிடறோம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவன் பேரில் நான் படுத்தால் அவனை எப்படி வேலைக்கு விடுவார்கள்? படுக்காவிட்டாலும் காலையில் அவனைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வாசலில் யூசுப் சைக்கிளோடு நின்றிருந்தான். "இன்னாடா சொன்னாங்க?"

"சளிதானாம்."

"அப்பாடா!" என்று பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தான்.

வழியெல்லாம் அவன் முதுகில்தான் இருமிக்கொண்டு வந்தேன்.