கடல் தெரியாத படம்

அச்சங்குளம்

அந்தமானில் இருக்கும் என் பேரன் முனியராஜுக்கு அப்பத்தா மாடத்தி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி பாண்டிச்செல்வி நர்சுப் படிப்பு முடித்து, சாத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் பஸ் ஏறுவதைத் தெருவே நின்று பார்க்கிறது. உன் சித்தப்பா மகன் பிரபாகரன் திருத்தங்கல் அச்சாபீசில் பெரிய மிஷினைத் தனியாகவே ஓட்டுகிறான். நீயோ கடல் தாண்டிப் போய் ஓட்டலில் தலைமைச் சமையல்காரன் ஆகிவிட்டாய். அஞ்சாப்பு படித்தவளின் பேரப்பிள்ளைகள் என்று ஊருக்குள் நிமிர்ந்துதான் நடந்தேன், போன வாரம் வரைக்கும்.

பொங்கலுக்கு வந்தபோது, ஒரு நாள் அப்பத்தாவையும் அங்கன கூட்டிட்டுப் போறேன் என்றாய். விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். நான் அன்றைக்கே குடியேறிவிட்டேன். நீ கொடுத்த படத்தில் உனக்குப் பின்னால் தெரிகிற கடலோரத்தில், தென்னைக்குக் கீழே எனக்கு ஒரு குடிசை. ரெண்டு ஆடு. வெடிமருந்து வாடை கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகும்போதும் நினைப்பில் அங்கேதான் இருப்பேன். கூட வேலை பார்க்கிறவர்களிடமும் சொல்லிவிட்டேன். தீவுக்காரிக்கு வழி விடுங்கடி என்று கேலி பண்ணுவார்கள். எனக்கு அதுவும் பெருமைதான்.

எங்கள் அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, வாசலில் இருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். மறந்துபோகிற புதுப்பிள்ளைகளை வைகிறவளே நான்தான். போன வெள்ளிக்கிழமை தண்ணீர் குடித்துவிட்டு, உன் தீவு ஈர மணலில் நடக்கிற நினைப்பில், செருப்போடு நேரே உள்ளே போய்விட்டேன். தகட்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்காருகிற முருகம்மாள்தான் பார்த்தாள். மதினி, செருப்பு என்று அவள் கத்தியதும் எல்லாரும் வெளியே ஓடினார்கள். சாமி புண்ணியம், ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் என்னை முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த முருகம்மாளுக்குப் படியில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது.

போர்மேன் வெள்ளைத்துரை வையவில்லை. பெரியம்மா, நாளையில இருந்து வெளிய உக்காந்து பெட்டி ஒட்டுங்க என்று மெதுவாகச் சொன்னார். இப்போது ஒருத்தியும் கேலி பண்ணுவதில்லை. அதுதான் தாங்கவில்லை.

தினமும் காலையில் போய் முருகம்மாளுக்குத் தலை சீவிவிடுகிறேன். நேற்று, என்ன மதினி, தீவுல இன்னைக்கு மழையா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் சீப்பில் சிக்கின முடியை எடுத்துக்கொண்டு நின்றேன்.

பாண்டிச்செல்வி போனில் சொல்லுமுன்னே என் வாயால் நீ கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னை அங்கே கூட்டிப்போக வேண்டாம் அய்யா. நீ நல்லா இரு, அது போதும். அந்தப் படத்தைச் சுவரில் இருந்து எடுத்து, டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் உன்னைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. ஏதாவது ஒரு சுவரை ஒட்டி நின்று எடு. பின்னால் கடல் தெரியவேண்டாம். உன் முகம் மட்டும் பெரிசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா
மாடத்தி