தொகுப்புக்காகக் காத்திருப்போர் கவனத்திற்கு

மார்ச் 4, செவ்வாய்

என் காமிக்ஸின் மூன்றாவது இதழ் வந்துவிட்டது. செத்த பிறகும் அமைச்சகத்துக்கு வந்து கோப்புகளில் கையெழுத்துப் போடும் என் அண்டர் செக்ரட்டரி ஆவிக்கு இந்த மாதம் பதவி உயர்வு. மாதம் ஒன்று, முப்பத்திரண்டு பக்கம், இந்தியிலும் இங்கிலீஷிலும். கதையும் படமும் நானே. ஆவி என்னோடு பேசுவது மட்டும் தமிழில்.

பின்னட்டை அறிவிப்பு என் யோசனை: ‘ஆறு இதழும் சேர்ந்து, கெட்டி அட்டைப் புத்தகமாக, ஜூலையில்!’ அதாவது ஜூன் இதழ் வந்து ஒரே மாதத்தில். பதிப்பாளர் பாட்டியாஜி இழுத்தார். நான்தான் விடவில்லை. எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

டெல்லி கன்னாட் பிளேஸ் புத்தகக் கடை. என் கண்ணெதிரே ஒரு பெண் மூன்றாவது இதழை எடுத்தாள், புரட்டினாள், சிரித்தாள் — சிரித்தாளே! — பின்னட்டையைப் படித்தாள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நிறையப் பேர் இப்படித்தான் என்றார் கடைக்காரர். ஜூலையில் மொத்தமாக வரும்போது இப்போது எதற்குத் துண்டு துண்டாக வாங்க வேண்டும்?

நியாயம்தானே. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

விற்பனை பாதியாகிவிட்டதாம். ஏப்ரல் இதழும் இப்படியே போனால் மே இதழோடு நிறுத்தம் என்றார் பாட்டியாஜி. ஜூன் இதழ் இல்லாவிட்டால் கதைக்கு முடிவு இல்லை. முடிவில்லாத கதையை யார் புத்தகமாகப் போடுவார்கள்? ஆக, புத்தகத்துக்காகக் காத்திருப்பவர்களாலேயே புத்தகம் வராமல் போகப் போகிறது.

பன்னிரண்டு வருஷ விளம்பரக் கம்பெனி வேலையை இதற்காகத்தான் விட்டேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

ப்ரசன்னாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். நல்ல புருஷனாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவசரப்பட்டுப் பதவி உயர்வு கொடுத்துவிட்டேனோ என்று கேட்டேன். “யாருக்கு?” என்றான்.

படிக்கவே இல்லை! மூன்று இதழும் அலமாரியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

“ஜூலைல புக்கா வரப்போறதே, இந்து. ஒரே மூச்சுல படிச்சுடலாம்னு வெச்சிருக்கேன்.”

வீட்டிலேயே இப்படி என்றால் கன்னாட் பிளேஸ் பெண்ணை என்ன சொல்ல? சமையலறைக் கதவைச் சாத்தினேன். ஆறு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமை ஒரே மூச்சில் போடுகிறேன், காத்திரு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

ஏப்ரல் இதழின் முதல் பக்கத்துக்கு உருக்கமாக ஒரு வேண்டுகோள் எழுதினேன். ப்ரசன்னா (இரண்டு நாள் வெளிச்சாப்பாட்டில் மெலிந்தவன்) படித்துவிட்டுக் கேட்டான்: “வாங்காதவாளுக்கு உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?”

சரியான கேள்வி, தப்பான ஆள்.

அதனால் அட்டையிலேயே போட்டுவிட்டேன். படம் கிடையாது. வெள்ளைத் தாளில் ஒரு சுற்றறிக்கை, ஆவியின் முத்திரையோடு:

‘பொருள்: தொகுப்புக்காகக் காத்திருப்போர். இதழ் வாங்கப்படாவிடில் இதழ் நிற்கும். இதழ் நின்றால் தொகுப்பும் வராது. எனவே தொகுப்பு ஜூலையிலிருந்து அடுத்த ஜனவரிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்வோர் இறந்த பிறகு நேரில் வரவும்.’

படமில்லாத அட்டையோடு காமிக்ஸா என்று பாட்டியாஜி தலையில் கைவைத்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார். ஜனவரிக்கும் ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இதழ் வந்தது. தேதியைப் பார்த்தேன். முட்டாள்கள் தினம். யாராவது நம்புவார்களா?

ஏப்ரல் 17, வியாழன்

மயூர் விஹாரிலிருந்து கடிதம். வெங்கடராமன், ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி — நிஜமானவர், உயிரோடு இருப்பவர். சுற்றறிக்கையில் கோப்பு எண் இல்லை, நகல் யாருக்கு என்ற வரி இல்லை, ஆகவே செல்லாது என்கிறார். வேறு பிழைகள் இருக்கின்றனவா என்று சரிபார்க்க நான்கு இதழ்களையும் வாங்கிவிட்டாராம். மொத்தம் பதினேழு பிழைகள். காலை நடையில் கூட வரும் நண்பர்களையும் வாங்கச் சொல்லியிருக்கிறார். அவர்களும் பட்டியல் தயாரிக்கிறார்கள்.

நான் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதே இல்லை.

மே 2, வெள்ளி

ஏப்ரல் இதழ் ஜனவரி இதழைவிடக் கூடுதலாகப் போயிருக்கிறது. கடைகளில் அட்டையை நின்று படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், இந்த முறை பணம் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். ஜூன் இதழ் நிச்சயம், அதற்கு மேலும் ஆறு என்றார் பாட்டியாஜி. போனை வைத்துவிட்டு அழுதேன்.

மே 3, சனி

குப்பைக் கூடையில் நான்கு பிளாஸ்டிக் உறைகள். இரவு பாயசம் வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஜூலை இதழின் கடைசிப் பக்கம் வரைந்துகொண்டிருந்தேன். ப்ரசன்னா மூன்றாவது தடவையாக டீ கொண்டுவந்தான். டீ கையில், கண் மேஜை மேல். ஆவிக்கு மாற்றல் உத்தரவு வந்ததே, போனாரா இல்லையா என்று சும்மா கேட்பது போலக் கேட்டான்.

ஜனவரியில் புத்தகமாக வரும், ஒரே மூச்சில் படித்துக்கொள்ளலாம் என்றேன்.

“அதுவரைக்கும் யார் காத்துண்டிருப்பா?”

பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன். புருஷன் என்பதற்காகச் சலுகை கிடையாது, ஒண்ணாந்தேதி எல்லாரையும் போலக் கடையில் வாங்கிக்கொள் என்றேன். பக்கத்துச் செக்டர் பத்துக் கடையில் ஒரு பிரதிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறானாம்.