யாருக்கு இரத்தம் ஊறியது?

பெப்ரவரி 4, செவ்வாய்
கர்ப்பப்பைக் கட்டி எடுக்கும் ஒப்பரேஷன் இரண்டாம் முறையும் தள்ளிப்போய்விட்டது. உடம்பில் இரத்தம் காணாதாம், அளவு குறைவாம். மார்ச் கடைசியில் திரும்பச் சோதிப்பார்கள். அப்போதும் ஏறாவிட்டால் வரிசையில் கடைசி ஆள் நான்தான். இரும்புக் குளிசை ஒழுங்காகப் போடுகிறேனே — பால் தேத்தண்ணியோடு. "தேத்தண்ணியோட போடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே" என்று இவர் தொடங்கினார். தேத்தண்ணி இல்லாமல் அது தொண்டையால் இறங்குமா?

பெப்ரவரி 6, வியாழன்
ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் உள்ள சீன மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரி லின் நாக்கை நீட்டச் சொன்னாள். வெளிறிப்போய் இருக்கிறதாம். ஊசி குத்தாமலே கண்டுபிடித்துவிட்டாள்! இரத்தம் ஊறுவதற்குத் தாங்குவெய் வேர், கரிக்கட்டி மாதிரி ஒரு கிழங்கு, காய்ந்த இலந்தைப்பழம் தந்தாள். ஒப்பரேஷன் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால் தருவாளா? தேநீரும் கூடாதாம். சரி, இவள் சொன்னால் விடலாம்.

பெப்ரவரி 8, சனி
இவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இஞ்சரும், இது ஒப்பரேஷனுக்கு முன்னம் கூடாதாம்."
"பேசாமல் இருங்கோ."
பின்னேரம் தானாகவே இறங்கி வந்தார். "சரி, நான் அவிச்சுத் தாறன். நீர் அடுப்படியில மயங்கி விழுந்திடுவீர்." சுடுதண்ணீர்கூட வைத்தறியாத மனுசன். மனம் இளகிவிட்டது.

பெப்ரவரி 12
கசாயம் நல்ல கறுப்பு. மல்லி வாசம், இஞ்சி உறைப்பு, பனங்கட்டி இனிப்பு. நாங்கள் தடிமன் காய்ச்சலுக்குக் குடிப்பது அப்படியே. சீனருக்கும் எங்களுக்கும் ஒரே கைப்பக்குவம்தான் போலும்.

பெப்ரவரி 23
இவருக்கு என்ன வந்தது? மாடிப்படியை ஓடி ஏறுகிறார். டொய்லெட்டுக்கும் ஓடுகிறார்.

மார்ச் 5, விபூதிப் புதன்
தவக்காலத்துக்குத் தேத்தண்ணியை ஒறுத்திருக்கிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். லின்னுக்காக ஏற்கெனவே விட்டதை அவருக்குச் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்
இரத்தம் ஏறிவிட்டது! என் வாய் சும்மா இருந்ததா? சீன மருந்தின் மகிமை என்று நேர்ஸிடம் பெருமையடித்தேன். அவள் முகம் மாறியது. தாங்குவெய் குடித்தால் இரத்தப்போக்குக் கூடலாமாம். ஒப்பரேஷனைத் தள்ளவேண்டி வருமாம். ஐயோ, என்ர வாயாலயே கெட்டனே!
இவர் கதிரையை விட்டு எழும்பினார். அவ குடிக்கவில்லை, நான்தான் குடித்தேன் என்று நேர்ஸுக்கு இங்கிலீஷில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உமக்குத் தந்தது மல்லிக் கசாயம், மெற்றில்டா."
"ஊத்தியிருக்கலாமே! ஏன் குடிச்சனீங்கள்?"
"சிங்க்கில ஊத்தினால் மணம் காட்டிக்குடுக்கும். காசு குடுத்து வாங்கினது வேற."
அப்போ என் இரத்தம் எப்படி ஏறியது? தேத்தண்ணியை விட்டதால் குளிசை வேலை செய்திருக்கிறது என்றாள் நேர்ஸ். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். திகதி தள்ளவில்லை.
பஸ்ஸில் இவருக்கு முகமே கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில் இல்லை. எவ்வளவு பயந்திருந்தால் அந்தச் சீனக் கசாயத்தைத் தினமும் விழுங்கியிருப்பார்!

ஏப்ரல் 10
முடிந்தது. கண் விழித்தபோது கட்டிலருகில் பிளாஸ்க்கோடு இவர். மல்லி மணந்தது.

மே 3, சனி
இரண்டு பேருமாக ஹை ரோட்டில் நடந்தோம். லின் வாசலில் நின்றாள். மருந்து வேலை செய்ததா என்று கேட்டாள். நன்றாகச் செய்தது என்றேன். அவள் சந்தோஷமாக என் முகத்தைப் பார்த்தாள்.
பக்கத்தில் நின்ற இவர், கேட்காமலே நாக்கை நீட்டினார்.