ரத்தம் என்று மட்டும் சொன்னேன்

இன்று காலை ஆய்வகத்தில் கேனின் மூடியைத் திறந்ததும் ஆட்டு ரத்தத்தின் வாடை முகத்தில் அடித்தது. இப்போது வேறொருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். நீ என்றால் போகமாட்டாய். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாய்.

புத்தூரில் உன் கறிக்கடை. திருப்பதியில் என் வேலை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில்தான் உன்னிடம் ஆட்டு ரத்தம் கேட்டேன். கழுத்திலிருந்து பீய்ச்சியடிக்கும் ரத்தத்தைப் பிடித்து, உறையாமலிருக்க நான் கொடுத்த மருந்தைக் கலந்து எடுத்து வருவாய். உடம்புக்குள் மருந்து சுமந்து போக வேண்டிய, மணலளவு ரோபோவை அதில் விடுவோம். அவ்வளவு சிறியதற்கு ரத்தம் தேன்போலக் கெட்டி. மீன்போல வாலை இப்படியும் அப்படியும் ஆட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் திருகாணி உருவில் செய்து, வெளியே காந்தத்தைச் சுழற்றினோம். அது முதன்முதலாக நகர்ந்த அன்று, ஸ்கேன் திரையைப் பார்த்து நீதான் கத்தினாய்: "டேய், திருகிக்கினே போவுதுடா! நான் அறுத்த ஆடுடா அது!"

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக எல்லார் போனிலும் வதந்தி ஓடிய வாரம். வழியில் ஓர் ஊரில் உன் பைக்கை மறித்து, கேனைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். நீ எனக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாய்.

"நம்ப மாட்டேன்றாங்கடா. நீயே சொல்லு."

பதற்றத்தில் அந்த ஊர்க்காரர்களிடம் தெலுங்கில் சொன்னேன்: ஆமாம், ரத்தம்தான், எங்கள் ஆராய்ச்சிக்கு, உடம்புக்குள் சின்ன எந்திரம் விடப் பார்க்கிறோம்.

போனில் ஒரு பெண் அலறினாள். கேன் தரையில் மோதி உடைந்தது. கட்டை சதையில் விழும் சத்தமும் எலும்பில் விழும் சத்தமும் வேறுவேறு என்று அன்று தெரிந்துகொண்டேன். என் பெயரைச் சொல்லிக் கத்தினாய். பிறகு வெறும் கத்தல். பிறகு அதுவும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தாடை உடைந்து சாலையில் கிடந்தாய். எது உன் ரத்தம், எது ஆட்டு ரத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை. தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். அப்படிப்பட்ட கட்டியைக் கரைக்கத்தான் எங்கள் திருகாணி. அது இன்னும் கண்ணாடிக் குழாயைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்து உன் மனைவி கேட்டாள்: "இன்னா சொன்னீங்கண்ணா அவங்ககிட்ட?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. "ஆட்டு ரத்தம்னு மொதல்ல சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள்.

இப்போது யாரிடம் இந்த வேலையைப் பற்றிப் பேசினாலும் ஆடு என்றுதான் ஆரம்பிக்கிறேன். யாரும் கேட்காதபோதும்.