ஏழாம் நம்பர் பிராசசர்

மார்ச் 3, திங்கள்
பேத்தியின் கம்ப்யூட்டர் இன்றும் நட்டநடுவில் நின்றுவிட்டது. வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலை அவளுக்கு. அடுத்த திங்களுக்குள் ஒரு வீட்டின் படத்தை முடித்துக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். புதுசு வாங்கணும். மகன் கிளம்பிவிட்டான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா?

மார்ச் 4
கடைக்கு நானும் போனேன். பிராசசர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை, அதில் மூன்று, ஐந்து, ஏழு என்று ரகம் என்றான் டை கட்டிய விற்பனைக்காரன். மகன் தலையாட்டிய தோரணையில், பிராசசரைக் கண்டுபிடித்ததே இவன்தான் என்று தோன்றும். பேத்தி, அது எந்த வருஷத்து ஏழு என்று கேட்டாள்.

"ஏழுன்னா ஏழுதான், பேசாம இரு" என்றான் மகன்.

நானாவது சும்மா இருந்தேனா? சம்பந்தியம்மா வீட்டில் இருப்பது ஐந்து. ஏழே இருக்கட்டும்டா என்றேன். தள்ளுபடி வேறு.

மார்ச் 5
சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு, ஏழு என்றேன். உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். மனசு குளிர்ந்தது.

மார்ச் 6
புதுசும் திணறுகிறது. படத்தில் சுவரைத் திருப்பினால் கூரை வரக் காத்திருக்கணும். உள்ளே இருக்கிற விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரைகிறது. சூடு பிடிக்கட்டும்மா என்கிறான் மகன். ஏண்டா, அது என்ன அடுப்பா?

பேத்தி என்னிடம் மட்டும் விளக்கினாள். ஏழு என்பது வெறும் ரகம். எந்தத் தலைமுறை என்று பார்க்கணுமாம். நாங்கள் வாங்கியது எப்போதோ செய்த ஏழு. புதுத் தலைமுறை ஐந்து அதை ஓட ஓட விரட்டுமாம். என் காலத்து ஐந்தாம் வகுப்பு இந்தக் காலத்துப் பட்டத்துக்குச் சமம் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவள் நான். இந்தச் சாமானில் மட்டும் பழசுக்கு மதிப்பில்லையாம். அநியாயம்.

இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன என்றேன்.

"கேட்டேனே பாட்டி. நீங்கதான் ஏழே இருக்கட்டும்னீங்க."

வேலை போயிடுமோ? — என்னாலயா?

மார்ச் 7
மகன் ஆபீஸ் போனதும் பெட்டியோடு கடைக்குப் போனோம். மாற்றித் தருவார்களாம், நல்லவேளை. விற்பனைக்காரன் என்னைப் பார்த்து, ஒன்பதே இருக்கு என்று ஆரம்பித்தான்.

"தம்பி, வேலை பாக்கப்போறது அவ. அவகிட்ட பேசு."

புதுத் தலைமுறை ஐந்துதான் எடுத்தாள். வெளியே வரும்போது எனக்குத்தான் கூச்சம். சம்பந்தியம்மா வீட்டு நம்பர்.

மார்ச் 11
படம் நேற்றே போய்ச் சேர்ந்தது. வேலை நிலைத்துவிட்டது.

எதிர்வீட்டுக்காரரிடம் மகன் பாடம் நடத்துகிறான்: நம்பரைப் பார்த்து ஏமாறக் கூடாதாம், தலைமுறை பார்த்து இவன்தான் எடுத்தானாம். வெட்கங்கெட்டவன். யாரைக் கொண்டு பிறந்தானோ.

சாயங்காலம் சம்பந்தியம்மா போன் செய்தாள். ஏழு எப்படி ஓடுது என்று கேட்டாள்.

"நம்பர்ல என்ன இருக்கு சம்பந்தி? நான் தலைமுறை பாத்து மாத்திட்டேன்."