அமாவாசைக்கு வந்த மனநல டாக்டர்

என் செல்ல அக்காவுக்கு,

நாம் ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நீ போன பிறகு மாமாவும் உன்னைப் போலவே ஆகிப்போனார். காலையில் தறியில் போய் உட்காருவார், கை அசையாது. ஆர்டர் குறைந்துபோச்சு, பக்கத்துத் தெருவில் பவர்லூம் சத்தம், பேச்சுத்துணைக்கு நீயும் இல்லை. வெயிலே படாமல் நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும்? உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? சாப்பாட்டை விட்டாய், மாத்திரையை விட்டாய், சர்க்கரை உன்னைக் கொண்டுபோய்விட்டது. இவரையும் பறிகொடுக்க எனக்கு மனசில்லை.

ஆஸ்பத்திரிக்கு மனசுக்குப் பார்க்கிற டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். நம் தெருவில் ஒருத்தரும் போனதில்லை. தறியை நிறுத்தினால் அன்றைக்குக் கூலி இல்லை. போதாததற்கு, எதற்கு நிறுத்தினாய் என்று தெருவே கேட்கும். நான் நேரே போய் நர்ஸம்மாவிடம், நெசவுக்காரர்களுக்கு லீவு அமாவாசைதான், அன்றைக்கு வரச்சொல்லுங்கள் என்றேன். அமாவாசைக்கு மனநல டாக்டரா, ஊரே சிரிக்கும் என்றார். சிரிக்கட்டுமே, அதற்காவது வாய் திறப்பார்கள் என்றேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. நடையாய் நடந்தேன். கடைசியில் டாக்டரே சரியென்றுவிட்டார்.

அந்த அமாவாசையன்று தெருவே கேலி செய்தது. பைத்தியம் முற்றுகிற நாளாகப் பார்த்து டாக்டரை வரவைத்தாளாம். மாமா வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நீங்கள் எழுந்தால்தான் நானும் எழுவேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏறிய பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். தறியில் உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை என்ற மாமா, அப்புறம் சொன்னார்:

"என் பொண்டாட்டிக்கும் இதான் இருந்துச்சுங்க. நாங்க சோம்பல்னு நெனைச்சிகினு இருந்தோம்."

இது சோம்பல் இல்லை, மனச்சோர்வு என்கிற நோய் என்றார் டாக்டர். அழுதுவிட்டேன் அக்கா. உன் நோய்க்கு அன்றைக்குத்தான் ஒரு பேர் கிடைத்தது.

இப்போது மாமா மாத்திரை சாப்பிடுகிறார், சாயங்காலம் கோட்டை மைதானம் வரை நடக்கிறார். ஆர்டர் இன்னும் குறைச்சல்தான், அதற்கு டாக்டர் என்ன செய்வார்? ஆனாலும் ஒரு சேலையை முழுசாக நெய்து முடித்துவிட்டார். டாக்டர் இப்போது அமாவாசைதோறும் வருகிறார்; போன அமாவாசைக்கு ஆஸ்பத்திரியில் பெஞ்ச் போதவில்லை. கேலி பேசிய எதிர்வீட்டுக்காரரை மாமாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"வாய்யா, நானே போய்கினு இருக்கேன். உனக்கு என்னா வெட்கம்?"

இந்தத் தெருவில் இனி ஒருத்தரும் உன்னைப் போலப் பேர் தெரியாத நோயில் போகமாட்டார்கள். நான் விடமாட்டேன்.

உன் வாயாடித் தங்கச்சி